உங்களுக்குத் தெரியுமா? மலை மேல் சாமி வந்த வழி

கற்பனை நாவல் எழுதுகிறவர்களும் கணினி விளையாட்டு உருவாக்குகிறவர்களும் முதலில் ஒரு வரைபடம் போடுவார்கள். அதில் ஒரு மூலையில் ஏறமுடியாத மலை, மலை மேல் வெளியுலகம் அறியாத ஓர் ஊர். ஊருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, மொழியும் உண்டாக்கியாகிவிட்டது. ஆனால் அந்த மக்கள் எந்தச் சாமியைக் கும்பிடுவார்கள்? அங்கேதான் பலருக்கும் பேனா நின்றுவிடுகிறது. இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் பஸ் ஏறினால் போதும், கொல்லிமலையே பதில் சொல்லும்.

1. ஒரே மலையில் 14 நாடு

கொல்லிமலை ஒன்றியத்தில் மொத்தம் 14 ஊராட்சிகள். பெரக்கரை நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஒவ்வொன்றின் பெயரும் 'நாடு' என்றே முடியும். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, இவர்கள் பேசுவது தமிழ்.

2. உப்பு ஏறிய வழி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் சாமையும் கேழ்வரகும் மிளகும் காப்பியும் பலாவும் விளையும் பூமி. தார் ரோடு வருவதற்கு முன்பு எல்லாம் தலைச்சுமைதான். ஆனாலும் மலையில் உப்பு விளையாது. உப்பு வேண்டுமென்றால் யாராவது கீழே இறங்கியாக வேண்டும், இல்லை கீழிருந்து ஒருவர் ஏறியாக வேண்டும். உப்பு ஏறிய பாதையில் கதையும் ஏறியது, சாமியும் ஏறியது. முழுக்கப் பூட்டிய ஊர் கற்பனை வரைபடத்தில்தான் உண்டு.

3. இரண்டாயிரம் ஆண்டு வயதுப் பெண்

கொல்லிமலையின் மிகப் பழைய தெய்வச் செய்தி ஒரு பாவையைப் பற்றியது. நற்றிணையும் குறுந்தொகையும் அகநானூறும் அவளைப் பேசுகின்றன. மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் செய்துவைத்த பெண்ணுருவம் என்கிறார் பரணர். சூறைக்காற்று, அடைமழை, இடி, நில அதிர்ச்சி எது வந்தாலும் அவள் அழகு குலையாதாம். சங்கப் பாடல்களில் காதலியின் அழகைச் சொல்ல வேண்டிய இடத்தில் இவள் உவமையாக வந்து நிற்கிறாள். மனிதர் கை படாமல் உண்டான சிலை என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே கொல்லிமலைக்கு உண்டு.

4. அழகியே காவல்காரி ஆனாள்

பிற்காலக் கதையில் அதே பாவைக்கு வேறு வேலை. மலையில் தவம் செய்த முனிவர்களுக்கு அசுரர்கள் தொல்லை கொடுக்க, அவர்களைத் தடுக்க ஒரு பெண்பாவை நிறுத்தப்பட்டது. அந்நியர் வாடை பட்டதும் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மயங்கி வந்தவன் உயிரோடு திரும்பமாட்டான். இன்று மலையில் இருக்கும் எட்டுக்கை அம்மனைத்தான் அந்தக் கொல்லிப்பாவை என்கிறார்கள். காதல் பாட்டில் உவமையாக இருந்தவள் காவல் தெய்வமாகி, பிறகு எட்டுக் கைகளோடு அம்மனுமானாள். சாமியும் ஊரோடு சேர்ந்துதான் வளரும்.

5. சாமி முன்னே, சனம் பின்னே

மலையாளிகள் தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பில் அந்தக் கதை இருக்கிறது. காஞ்சியில் இருப்புக் கொள்ளாத கரிராமன் என்ற தெய்வம் வேறிடம் தேடிப் புறப்பட்டுவிட்டது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு சாமியைத் தேடிக் கிளம்பினார்கள். சேலம் சீமைக்கு வந்ததும் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்து மலையேறினார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பது மட்டும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மனிதர் குடிபெயர்ந்ததற்குக் காரணம் கேட்டால் பஞ்சம், படையெடுப்பு என்று நாம் சொல்வோம். இந்தக் கதையில் குடிபெயர்ந்தது சாமிதான், மனிதர்கள் துணைக்குப் போனவர்கள்!

6. கலப்பை காட்டிய லிங்கம்

வளப்பூர் நாட்டில் இருக்கிறது அறப்பளீசுவரர் கோயில். அங்கே சொல்லப்படும் கதையில் முனிவரும் இல்லை, மன்னரும் இல்லை. ஒருவர் நிலத்தை உழுதுகொண்டிருந்தார். கலப்பை எதிலோ இடித்தது, இடித்த இடத்தில் ரத்தம். தோண்டிப் பார்த்தால் லிங்கம். அந்தத் தழும்பு இன்னும் லிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்வார்கள். காட்டைத் திருத்தி உழவு தொடங்கும் ஊரில் சாமி எங்கிருந்து வரும்? கொழு முனையிலிருந்துதான். தமிழ்நாட்டில் இதே கதையை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, எத்தனையோ கோயில்களில் கேட்கலாம்.

7. வெட்டியும் சாகாத மீன்

அதே கோயிலின் அருகே ஓடுகிறது ஐயாறு. யாரோ அதில் மீன் பிடித்து, அறுத்து, குழம்பும் கூட்டிவிட்டார்களாம். சட்டியில் கிடந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, துள்ளிக் குதித்து ஆற்றுக்குள் போய்விட்டன. அதனால் கோயில் பக்கத்து மீனை யாரும் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் படியில் நின்று பொரியை வீசினால் தண்ணீர் கறுத்துத் திரளும், அத்தனையும் மீன் முதுகு. ஓடையின் ஒரு பகுதியில் மீன் இனம் அழியாமல் இருக்க இதைவிட நல்ல சட்டம் எந்த மீன்வளத் துறையிடமும் இருக்காது.

8. ராணி தந்த கொடை

'யாரும் எட்டாத மலை' என்று நாம் நினைக்கும் இடத்திலுள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சோழப் பேரரசி செம்பியன் மாதேவியின் கொடை வந்திருக்கிறது. கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர் காலம் 10ஆம் நூற்றாண்டு. அதற்கும் முன்பே அப்பர், சம்பந்தர் தேவாரத்தில் இந்தத் தலத்தின் பெயர் வந்துவிட்டது. பின்னாளில் அம்பலவாணக் கவிராயர் இந்த இறைவன் மேல் அறப்பளீசுர சதகம் பாடினார். நல்லொழுக்கம் சொல்லித்தரும் நூலாக அது சமவெளி முழுக்கப் பரவியது.

9. கீழே இறங்கிய சாமி

வழி ஒருபக்கம் மட்டும் திறந்திருக்கவில்லை. கொல்லிமலை உச்சி ஒன்றில் இருக்கும் மாசி பெரியண்ணசாமி, நாமக்கல், திருச்சி, சேலம் பக்கத்துச் சமவெளிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம். பிள்ளைக்கு முதல் மொட்டை போட, காது குத்த, அவர்கள் மலையேறி வருகிறார்கள். ஊர் வேறு, தொழில் வேறு, சாதி வேறு. சாமி மட்டும் மலையில்.

10. ஓர் அம்பு, ஐந்து உயிர்

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி கொல்லிமலைத் தலைவன். அவன் விட்ட ஓர் அம்பு யானையைத் துளைத்து, புலியைத் தாண்டி, மானையும் பன்றியையும் கடந்து, புற்றில் இருந்த உடும்பில் போய்ப் பாய்ந்ததைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை, ஆடி மாதத்தில் அரசு விழா.

இலங்கைக் காட்டில் இதே மாதிரி ஒரு வேட்டைக்காரர் இன்னொரு படி மேலே போய்விட்டார். செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடர்களைப் பற்றி எழுதிய நூலில் 'கந்தே யக்கா' வருகிறார். உயிரோடு இருந்தபோது பெரிய வேட்டைக்காரர், இறந்தபின் வேட்டைத் தெய்வம். மான் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் அவரைக் கூப்பிட வேண்டும்.

11. சாமி ஆக்க ஆறு படி

இறந்த வீரனைத் தெய்வமாக்க முறை எழுதி வைத்த மொழி நம்முடையது. தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. நல்ல கல்லைத் தேடிப் பார்ப்பது காட்சி. அதற்கு நாள் குறித்து எடுப்பது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுவார்கள். படையல் போடுவது பெரும்படை. கடைசியில் வாழ்த்து. நேற்றுவரை பாறை, இன்று சாமி. இடையில் நடந்தது முழுக்க மனிதர் வேலை, அதை மறைக்கவும் இல்லை.

12. மாட்டுக்காகச் செத்தவர்

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு ஒரு கல். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள் வரிசையாக நிற்கும். புலியோடு மோதி இறந்தவனுக்கு 'புலிக்குத்திக் கல்'. மாடும் புலியும் வாழ்வை முடிவுசெய்த ஊர்களில் சாமிகள் மாட்டுக்காகவும் புலியாலும் செத்தவர்களாக இருந்ததில் வியப்பில்லை.

13. மரத்தடியில் கற்காலம்

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார மலைகளில் சில பிள்ளையார் கோயில்களிலும் மரத்தடிகளிலும் வழவழப்பான சிறு கற்கள் குவிந்து கிடக்கும். ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல், உள்ளங்கையில் அடங்கும். பார்க்க ஆற்றுக் கூழாங்கல் போல இருக்கும், ஆனால் ஒருபக்கம் தேய்த்துத் தேய்த்து விளிம்பு எடுத்திருப்பது தெரியும். அத்தனையும் புதிய கற்காலக் கோடரி. உழும்போது கிடைத்ததைத் தூக்கி எறிய மனமில்லாமல் சாமியிடம் வைத்தவர்கள் ஊர் மக்கள். ஒரு காலத்தில் காடு வெட்டிய கருவி, இப்போது மஞ்சள் குங்குமத்தோடு.

14. மலையே சாமி

ஏற்காட்டில் சேர்வராயன் மலை உச்சியில் ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலையின் பெயர்தான் சாமியின் பெயர். உச்சியின் உயரம் 1,600 மீட்டருக்கு மேல். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்கள் அங்கே கூடிவிடும்.

15. பால் கடையும் இடம்தான் கோயில்

நீலகிரித் தோடர்களுக்கு எருமைதான் எல்லாம். அவர்கள் கதையில் ஓன் என்ற தெய்வம் பூமிக்குள்ளிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே வரவைத்தது. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வந்தான். அவன்தான் முதல் தோடன்! இன்று ஓன் இறந்தோர் உலகை ஆள்கிறார், உயிரோடு இருப்போரை ஆள்வது தெய்கிர்ஷி என்ற பெண் தெய்வம். ஆய்வாளர் ரிவர்ஸ் 1906இல் எழுதிய நூலின்படி புனித எருமைகளின் பாலைக் கறந்து, உறையவைத்து, கடையும் கொட்டகையே கோயில். பால்காரரே பூசாரி. தொழிலும் வழிபாடும் ஒரே கூரையின் கீழ்.

16. சில்வண்டு கத்தும்போது சத்தம் போடாதே

அந்தமான் பழங்குடிகளின் புயல் தெய்வம் வடக்கே பிலிக்கு, தெற்கே புளுகா. கோபம் வந்தால் சூறாவளி. கோபம் வரவைக்கும் குற்றங்கள் மூன்று: தேன்மெழுகை உருக்குவது, சில வகைக் கிழங்குகளைத் தோண்டுவது, காலையிலும் மாலையிலும் சில்வண்டு பாடும்போது மரம் வெட்டிச் சத்தம் எழுப்புவது. ஆய்வாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1922இல் இதை விரிவாக எழுதினார். அவர் எழுதியபடி, கொலை, களவு பற்றி அந்தத் தெய்வம் அலட்டிக்கொள்வதில்லை. கற்பனை உலகக் கடவுள்கள் எப்போதும் 'நன்மை', 'தீமை' என்றே பேசுவார்கள். தீவின் கடவுளுக்குக் கவலை மெழுகும் கிழங்கும்தான்.

17. சுருட்டுப் பிடிக்கும் துரை சாமி

1809இல் திருவிதாங்கூர்க் கோட்டைச் சுவரைக் கைப்பற்றிய சண்டையில் காயம்பட்டு இறந்தார் கேப்டன் போல் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவரைப் புதைத்த இடத்தில் திருநெல்வேலிச் சீமை மக்கள் படையல் போட்டார்கள். என்ன படையல்? சாராயமும் சுருட்டும்! பிஷப் கால்டுவெல் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அகாலமாக இறந்தவரின் ஆவி சும்மா இருக்காது, அதற்குப் பிடித்ததைக் கொடுத்துச் சாந்தப்படுத்த வேண்டும் என்பது தெற்கத்திச் சீமையின் பழைய கணக்கு. வந்தவன் துரையானாலும் கணக்கு மாறவில்லை.

18. நோய்க்கும் ஒரு அம்மன்

பிளேக் வந்து ஊரைக் காலிசெய்த காலத்தின் நினைவாகக் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அதே கோவையில் ஓர் ஆதீனம் 'கொரோனா தேவி' சிலை நிறுவியது. மாநகராட்சியும் விமான நிலையமும் இருக்கும் ஊர் அது. புதுச்சாமி பிறக்க ஊர் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றில்லை. பயம் புதிதாக இருந்தால் போதும்.

19. கப்பலில் வந்த கடவுள்

பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டின் தன்னா தீவு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை அந்தப் பக்கம் மலைமலையாகச் சரக்கு இறக்கியது. ஜான் ஃப்ரம் என்பவர் திரும்பி வருவார், வளம் கொண்டுவருவார் என்று நம்பிய இயக்கத்தார் ஆண்டுதோறும் பிப்ரவரி 15இல் அமெரிக்கக் கொடி ஏற்றி அணிவகுக்கிறார்கள். அதே தீவின் யாவோனானென் கிராமத்தில் வேறு நம்பிக்கை. அவர்களுடைய மலைத் தெய்வத்தின் மகன் கடல் கடந்து போய் ஒரு பெரிய அரசியை மணப்பான் என்பது பழைய கதை. பிரிட்டன் இளவரசர் பிலிப் அந்தக் கதையில் கச்சிதமாகப் பொருந்திவிட்டார். 2021 ஏப்ரலில் அவர் இறந்தபோது கிராமம் துக்கம் காத்தது. ஆள்தான் புதிது, கதை அவர்களிடம் முன்பே இருந்தது.

20. தூதுவனுக்குக் காத்திருந்த சோழர்

2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் 1279இல் தப்பிய சோழக் கூட்டம் ஒரு தீவில் ஒளிந்து வாழ்கிறது. பாண்டியரின் குலதெய்வச் சிலை அவர்கள் கையில். ஒரு தூதுவன் வந்து தங்களைத் தஞ்சைக்குக் கூட்டிப்போவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். தன்னா தீவின் காத்திருப்பும் இதுவும் ஒரே சாயல். தமிழ்க் கற்பனையில் தனித்து வாழும் சமூகத்தின் நம்பிக்கையை இவ்வளவு நெருங்கிப் பார்த்த படங்கள் குறைவு.

21. மேளம் நின்றால் கடவுளும் இல்லை

கற்பனைக் கடவுள் குடும்பம் ஒன்றை முழுசாக எழுதிப்பார்த்த முன்னோடி டன்சனி பிரபு. 1905இல் வந்த அவரது 'பெகானாவின் கடவுள்கள்' நூலில் முதற்கடவுள் தூங்குகிறார். ஒருவர் ஓயாமல் மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறார். மேளம் நின்றால் தூக்கம் கலையும், உலகமும் சின்னக் கடவுள்களும் காணாமல் போய்விடுவார்கள். 1992இல் டெரி பிராட்செட் 'சின்னக் கடவுள்கள்' நாவலில் வேறு விதி வைத்தார். நம்புகிறவர் எத்தனை பேரோ அவ்வளவுதான் கடவுளின் பலம். உண்மையாக நம்புவது ஒரே ஒரு ஆள் என்ற நிலைக்கு வந்த மகா கடவுள் ஆமையாக ஊர்ந்துகொண்டிருக்கிறார். பூசாரி இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்புக் கதையாக மட்டும் படாது.

22. ஒரு பிடி மண்ணில் ஒரு சாமி

பிழைப்புக்கு ஊர் மாறும் குடும்பம் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து, புது ஊரில் வைத்துக் கோயில் எழுப்பும். இதற்குப் பெயர் பிடிமண். இரண்டு தலைமுறை போனதும் புது ஊர்ச் சாமிக்குத் தனிக் கதை, தனித் திருவிழா, சில சமயம் தனிப் பெயர். கற்பனை உலகில் ஒரே கடவுள் இரண்டு பள்ளத்தாக்கில் இரண்டு ஆளாக இருக்க வேண்டுமா? முந்நூறு பக்கப் புராணம் வேண்டாம், ஒரு பிடி மண் போதும்.

23. சாமி எப்படிப் பேசும்?

காங்கேயம் அருகே சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி, பெயர் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் ஒருவர், தன் கனவில் சாமி ஏதோ ஒரு பொருளைக் கேட்டதாகச் சொன்னால், சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். மண், தண்ணீர், மஞ்சள் என்று எதுவும் வரலாம். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். உள்ளே இருக்கும் பொருளால் உலகில் ஏதோ நடக்கப்போகிறது என்பது நம்பிக்கை. பழைய சாமி ஓயாமல் புதுச்செய்தி தருவதற்கு இப்படி ஒரு வசதி! மற்ற ஊர்களில் அதே வேலையைச் சாமியாடியும் குறிசொல்பவரும் செய்கிறார்கள்.

24. கதை எழுதுவோர் கவனத்துக்கு

மேலே சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் நான்கு கேள்வி மிஞ்சும். உங்கள் மலை மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? எதைச் சாப்பிடுகிறார்கள்? அவர்களில் யார் அகாலமாகச் செத்தார்? அவர்களுக்கு உப்பு எந்த வழியாக வருகிறது? முதல் மூன்றுக்கும் பதில் கிடைத்தால் உள்ளூர்ச் சாமிகள் வந்துவிடும். நான்காவதற்குப் பதில் சொல்லாத உலகம்தான் படிக்கும்போது அட்டைப்பெட்டி போலத் தெரிகிறது. வெளியூரிலிருந்து வந்த சாமி ஒன்றாவது இல்லாத ஊர் நம்பும்படி இருக்காது.

25. நேரில் பார்க்க

ஆடிப்பெருக்கன்று கொல்லிமலை போங்கள். ஐயாற்றில் நீராடி அறப்பளீசுவரரைக் கும்பிடும் கூட்டம் ஒருபக்கம், செம்மேட்டில் வல்வில் ஓரி விழா மறுபக்கம். எட்டுக்கை அம்மனையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். உழவர் கண்ட சாமி, புலவர் பாடிய தலைவன், தெய்வம் செய்த பாவை மூவரும் ஒரே மலையில். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்குக் குறையாது, மழை நாளில் வழுக்கும். வளைவுப் பாதையில் தலைசுற்றும் வழக்கம் உள்ளவர்கள் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மிஞ்சினால் அம்மனுக்கு ஆகும்.